பப்பாளி நாற்றுப்பண்ணை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உடுமலை, தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் பப்பாளி போடுகிற எங்களில் பலரும் நாற்றுக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். நாற்றைப் பூச்சி புகாத வலைக்குள் வளர்த்துக் கொடுங்கள்.

வளையப்புள்ளி வைரஸ் விழுந்த தோட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொழுந்திலையில் தேமல் தட்டும். போகப்போக இலைப்பரப்பே சுருங்கி, நரம்பு மட்டும் நூல்நூலாகத் தொங்கும். தண்டில் எண்ணெய் வழிந்தாற்போல் கரும்பச்சைக் கோடுகள், காயில் வட்டவட்டமாகப் புள்ளிகள். இளஞ்செடியிலேயே தாக்கினால் அந்த மரத்தில் காயை எதிர்பார்க்க முடியாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

பொட்டிவிரிடே என்கிற ஆர்.என்.ஏ. வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஏலக்காய்த் தோட்டக்காரர்களை அலறவைக்கும் கட்டே நோயும் கரும்புத் தேமலும் இதே குடும்பம்தான். இவை மூன்றையும் பரப்புவது அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. மருந்தடித்தால் அடங்காதா என்று கேட்பீர்கள். அசுவினி பப்பாளியில் தங்கிப் பெருகுவது அபூர்வம். பக்கத்துப் பூசணிக் கொடியிலிருந்து பறந்து வரும், தனக்கு ஏற்ற செடிதானா என்று இலையைக் குத்திப் பார்க்கும், அடுத்த செடிக்குப் போய்விடும். அந்தச் சில நொடிகளிலேயே அதன் ஊசிவாயில் ஒட்டிய வைரஸ் செடிக்குள் இறங்கிவிடும். மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

இந்த வைரஸ் விதை வழியாக வருவதில்லை. ஆகவே முளைத்தது முதல் எங்கள் கைக்கு வரும்வரை நாற்றைக் காப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. தொற்றினாலும் அறிகுறி தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். விற்கிற அன்று நாற்று பச்சைப்பசேலென்று நிற்கும், நட்ட பிறகுதான் வயிற்றில் அடிக்கும்.

"வலை போட்டிருக்கிறோமே" என்று பல பண்ணைகளில் காட்டுவது நிழல்வலை. அதன் கண்ணில் அசுவினி தாராளமாக நுழையும். வேண்டியது 40 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு 40 கண் உள்ள நைலான் வலை, நுழைவாயிலில் இரட்டைக் கதவு. பண்ணையை ஒட்டிப் பூசணி, வெள்ளரி, பீர்க்கு எதுவும் வேண்டாம், இந்த வைரஸ் அவற்றிலும் தங்கும். தேமல் தெரிகிற நாற்றைச் சத்துக்குறை என்று நுண்ணூட்டம் தெளித்துத் தேற்றப் பார்க்காதீர்கள். கழித்துவிடுங்கள்.

அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் 1992-ல் இந்த நோய் புனா பகுதிக்குள் நுழைந்து, சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாக அழித்தது. வைரஸைப் போர்த்தியிருக்கும் உறைப்புரதத்தின் மரபணுவையே செடிக்குள் செலுத்தி, விஞ்ஞானி டென்னிஸ் கொன்சால்வஸ் குழுவினர் உருவாக்கிய ரகங்கள் 1998-ல் கைக்கு வந்த பிறகுதான் அங்கே விவசாயிகள் எழுந்தார்கள். நம்மிடம் சாகுபடிக்கு அப்படியொரு ரகம் கிடையாது. ரெட் லேடி ரகத்துக்கும் இந்த நோய் வரும். சுத்தமான நாற்றை விட்டால் நமக்கு வேறு பிடிமானம் இல்லை.

எங்கள் பங்குக்கு நடவுக்கு முன்பே வயலைச் சுற்றி அசுவினிக்குத் தடுப்பாக இரண்டு வரிசை மக்காச்சோளம் போடுகிறோம், நோய்கண்ட செடியை அன்றைக்கே பிடுங்குகிறோம். வலைக்குச் செலவாகும் என்பது தெரியும். நாற்றுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேளுங்கள், தருகிறோம். வலையை மட்டும் வாங்குபவர் கண்ணில் படும்படி கட்டுங்கள், கதவைத் திறந்து உள்ளே காட்டுங்கள்.

இப்படிக்கு,
உடுமலை வட்டாரப் பப்பாளி விவசாயி ஒருவன்