நாச்சிமுத்து, அந்த லிஸ்ட்டை மூடி வை

அந்தியூர்,
சனிக்கிழமை ராத்திரி

அன்புள்ள நாச்சிமுத்துக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தாலும் தோட்டத்துக்கு நடந்து போறதை நிறுத்தலை. மஞ்சள் வெட்டி, வேக வச்சுக் களத்துல காயுது. பெரியவன் பெருந்துறைல ரெண்டாம் வருசம். அங்க பாப்பாவுக்குப் பரீட்சை எப்ப? வாத்தியார் ஊட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததை ரங்கன் இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கறான். அதை நீயும் அவனும் தீர்த்துக்குங்க, என்னை நடுவுல இழுக்காதீங்க.

முந்தாநாள் தங்கச்சி போன் பண்ணுச்சு. “அண்ணா, இவரு கம்பெனி வேலைய உட்டுட்டு இன்டர்நெட்டுல கமிஷன் வியாபாரம் பண்ணப் போறேங்கறாரு. அதுக்குக் கோயமுத்தூர்ல ஒரு கிளாசுக்கு 40,000 கட்டோணுமாம். நீங்க சொன்னாக் கேப்பாரு”ன்னு அழுகை. நான் சொல்லி நீ கேட்ட லட்சணம் சித்தோட்டு வண்டி விசயத்துலயே தெரியும், அதை நான் அதுக்கிட்டச் சொல்லலை. போன்ல பேசுனா பாதியில குறுக்க விழுவ. அதனால எழுதறேன். கடைசி வரைக்கும் படி.

இந்தத் தொழிலே வேண்டாம்னு சொல்ல வரலை. ஒரு பொருளைப் பத்தி உள்ளது உள்ளபடி எழுதறோம், படிச்சவங்க நம்ம லிங்க் வழியாப் போய் வாங்குனா நமக்கு ஒரு பங்கு வருது. அமேசான் 1996-லயே ஆரம்பிச்ச ஏற்பாடு, இன்னைக்கும் ஓடுது. மாட்டுத் தீவனத் தட்டு வெட்டுற மிஷினைப் பத்தி நான் நடத்தற சைட்டு எங்க மாடுகளோட தவுட்டுச் செலவைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்குது. எனக்குச் சண்டையெல்லாம் அந்தக் கிளாஸ்காரங்க குடுத்ததுன்னு நீ வாட்சப்புல அனுப்புன பிடிஎஃப் கூட. ‘போட்டியே இல்லாத, லாபமான 50 நிச்’. நிச்சுன்னா, எழுதறதுக்குன்னு எடுத்துக்கற ஒரு குறுகின துறை. போட்டி இல்லாத இடம்னு ஒருத்தன் அச்சடிச்சு, உன் பக்கத்துல உட்கார்ற அத்தனை பேருக்கும், போன பேட்ச்சுக்கும், அடுத்த பேட்ச்சுக்கும் குடுத்தா, அப்புறம் அங்க எப்படிப் போட்டி இல்லாம இருக்கும்? இதை நீ ஒரு நிமிசம் ரோசனை பண்ணியிருக்க வேண்டாமா? நூல் விலை பத்து காசு ஏறுனா நாலு மில்லுக்குப் போன் போட்டு விசாரிக்கற ஆளு நீ.

இன்னொன்னு பாரு. அந்த லிஸ்ட்டுல ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல ‘போட்டி: குறைவு’ன்னு போட்டிருக்கறாங்க. அது, கூகுள்ல விளம்பரம் போடறவங்க வார்த்தை தேடற கீவேர்டு பிளானர்ல இருந்து அப்படியே எடுத்தது. அந்தக் கட்டத்துல காட்டற போட்டி, அந்த வார்த்தைக்குக் காசு குடுத்து விளம்பரம் போட எத்தனை பேர் மோதறாங்கங்கறதோட அளவு. நீ எழுதற பக்கம் தேடல்ல மேல வர்றது லேசா, கஷ்டமாங்கறதை அது சொல்றதே இல்லை. அதுவுமில்லாம, அங்க ‘குறைவு’ன்னு இருந்தா, விக்கறவங்க யாருக்கும் அந்த வார்த்தைக்குக் காசு போட மனசு இல்லைன்னும் அர்த்தம் ஆகலாம். ஆளே போகாத சந்தையில கடை போட்டுட்டு, பக்கத்துல கடையே இல்லைன்னு சந்தோசப்படறதுல என்ன இருக்குது?

அதுல நீ டிக் போட்டிருக்கறதுல ஒன்னு ‘சர்க்கரைக்கு மூலிகைப் பொடி, கமிஷன் 40 சதவீதம்’. நாச்சி, பொன்னாத்தா அத்தையோட காலை நினைச்சுப் பாரு. யாரோ யூடியூப்புல சொன்னாங்கன்னு அந்த மாதிரி ஒரு பொடியை வாங்கி, மாத்திரையை நிறுத்துனாங்க. புண்ணு ஆறாம, கடைசில ஆஸ்பத்திரில நீயும் நானும்தான் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பொடிக்கு லிங்க் போட்டவனுக்கும் ஒரு கமிஷன் போயிருக்கும். நீ அந்த இடத்துல நிக்கப் போறியா? சட்டமும் விடாது. 1954-ல வந்த மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டத்துல சர்க்கரை நோயைக் குணப்படுத்தறேன்னு விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு பட்டியல் போட்டு வச்சிருக்குது. சட்டம் இல்லாட்டியும் நீ பண்ணக் கூடாது. இதுல பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த டிக், செல்போன் ரிவ்யூ. கண்ணாடி உடைஞ்ச போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சிருக்கற நீ, புதுப் போனைப் பத்தி எழுதப் போற! போன் வந்த அன்னைக்கே வாங்கிப் பிரிச்சுக் காட்டறவங்க நாடு பூரா இருக்கறாங்க. நீ எழுதி முடிக்கறதுக்குள்ள அந்த மாடலே போயிரும். கமிஷனும் அதுல ரொம்ப மெலிசு. 15,000 ரூவா போனுக்கு நூத்துக்கு ஒன்னுன்னு வச்சாலும் 150 ரூவா. அதே, 20,000 ரூவா மிஷினுக்கு நூத்துக்கு அஞ்சு கிடைச்சா 1,000. ஆளு கம்மியா வந்தாலும் கணக்கு நிக்குது.

நான் எப்படிப் பார்த்தேன்னு சொல்றேன். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு மாடும் குதிரையும் வருதில்ல, அங்க மிஷின் கடைக்காரன் பக்கத்துல நின்னுக்கிட்டு, வர்றவங்க என்ன கேக்கறாங்கன்னு காதுல வாங்குனேன். சிங்கிள் பேஸ்ல ஓடுமா, 2 ஹெச்பி போதுமா, கோ-4 புல்லு முத்திப் போச்சுன்னா சிக்குமா, பிளேடை நம்மளே சாணை புடிக்கலாமா, இதேதான் திரும்பத் திரும்ப. ஊட்டுக்கு வந்து, நம்ம பழைய தேடல் கலக்காத இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து அந்தக் கேள்விகளை அப்படியே தமிழ்லயும், இங்கிலீஷ் எழுத்துலயும் அடிச்சுப் பார்த்தேன். முதல் பக்கத்துல பூரா விலைப்பட்டியல் பக்கங்களும், ‘விலைக்கு அழைக்கவும்’னு போட்ட கடைகளும்தான். வாங்கறவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன பக்கம் ஒன்னுகூட இல்லை. ஆனா மேல விளம்பரம் வந்துச்சு. யாரோ காசு குடுத்து இந்தக் கூட்டத்தைப் புடிக்கப் பார்க்கறாங்க, ஆனா யாரும் பதில் சொல்லலைங்கற அந்த இடம்தான் நமக்கு வேணும். எந்த டூலும் இதை எனக்குக் காட்டலை.

அதுலயும் எல்லாக் கேள்வியும் காசாகாது. ‘தட்டு வெட்டுற மிஷின் மானியம்’னு தேடறவங்க எக்கச்சக்கம், அவங்க கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, நம்ம லிங்க்கைத் தொட மாட்டாங்க. ‘பிளேடு மாத்தறது எப்படி’ன்னு கேக்கறவங்க ஏற்கனவே வாங்கிட்டாங்க, அவங்களுக்குப் பிளேடும் பெல்ட்டும் விக்கலாம். ‘நாலு மாட்டுக்கு எது போதும்’னு கேக்கறவன்தான் காசைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறான். அவனுக்காக எழுதுன ஒரே பக்கம், மத்த எல்லாப் பக்கத்தையும் சேர்த்ததை விட எச்சாக் குடுக்குது.

இப்ப உன் கதைக்கு வா. எனக்கு இதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலை, சந்தோசத்துல.

நீ இத்தனை வருசம் பனியன் கம்பெனில ஆர்டரும் துணியும் பார்க்கற மெர்ச்சன்டைசரா இருந்துட்டு, நிச்சைத் தேடிக் கோயமுத்தூர் போறேங்கற. நாடு பூரா சின்னப் பசங்க ஊட்டுலயே டி-சர்ட் பிரிண்ட் போட்டு விக்கற தொழிலை ஆரம்பிக்கறாங்க. ஒரு ஹீட் பிரஸ் மிஷின், ஒரு பிரிண்டர், திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தைல இருந்து ஒரு மூட்டை பிளெயின் பனியன். காலேஜ் முடிச்ச பையன் அப்பாகிட்ட கெஞ்சிக் காசு வாங்கி, சூட்டுல மை ஆவியாகித் துணியில ஏறற சப்ளிமேஷன் பிரிண்டர் வாங்கிட்டு வந்து, காட்டன் டி-சர்ட்டுல போடறான். முதல் வாஷ்லயே வெளுத்துப் போகுது. சப்ளிமேஷன் பாலியஸ்டர்லதான் புடிக்கும், அதுவும் வெள்ளையோ வெளிர் கலரோ இருக்கோணும், காட்டனுக்கு, ஃபிலிம்ல அடிச்சுச் சூடு வச்சு ஒட்டற டிடிஎஃப் பக்கம் போங்கறதை அவனுக்கு வாங்கறதுக்கு முன்னாடி யாரு சொன்னா? நீ சொல்லியிருந்தா அவன் காசு தப்பிச்சிருக்கும். சரியான மிஷினை உன் லிங்க்லயே வாங்கியிருப்பான்.

போன தடவை உன் ஆபீசுக்கு வந்தப்போ நீ செஞ்சு காட்டுன, ஞாபகம் இருக்குதா? பனியன் துணி மேல அந்த வட்டக் கட்டரை வச்சு ஒரு திருகு. சுத்தமா ஒரு வட்டம் வந்துச்சு. 100 சதுர சென்டிமீட்டர்னு சொன்ன. குட்டித் தராசுல வச்ச, 1.8 கிராம். “நூறால பெருக்கு, 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். துணி குடுத்தவன் 200-ன்னு பில் போட்டிருக்கறான்”ன்ன. அரை நிமிசத்துல ஏமாத்தைக் கையில புடிச்சுக் காட்டுன. கேரளாவுல இருந்தும் ஆந்திராவுல இருந்தும் வந்து மூட்டை கட்டிக்கிட்டுப் போற எத்தனை சின்ன வியாபாரிக்கு இந்த ஒரு விசயம் தெரியும்? அதையே ஒரு பக்கமா எழுது, நீ கட்டர் திருகற படத்தோட. கட்டரும் தராசும் லிங்க்ல விக்கற பொருள்தானே.

இந்தத் துறைல எனக்குப் புடிச்சதே, ஒரு தடவை வாங்குனவன் திரும்பத் திரும்ப வருவான். டிடிஎஃப் ஃபிலிம், பவுடர், இங்க், டெஃப்லான் ஷீட்டு எல்லாம் தீரத் தீர வாங்கோணும். கேள்விக்கும் பஞ்சமில்லை. என்சைம் போட்டுத் துணியோட பிசிறை எடுக்கற பயோ வாஷ் பண்ணுனதும் பண்ணாததும் தொட்டே எப்படிக் கண்டுபுடிக்கறது, சிங்கிள் ஜெர்சி துவைச்சா சைடு தையல் ஏன் முறுக்கிக்கிட்டு முன்னால வருது, லூசான ஓவர்சைஸ்டு டி-சர்ட்டுக்கு 240 ஜிஎஸ்எம் போதுமா. இதெல்லாம் உனக்குச் சாப்பிடும்போது பேசற பேச்சு. டூல்ல தேடற எண்ணிக்கை மாசத்துக்கு 10, 20-ன்னு காட்டுனாலும் கவலைப்படாதே. ஒரு பக்கம் நல்லா இருந்தா, அதே கேள்வியை விதவிதமாக் கேக்கறவங்களும் அங்கேயே வந்து சேருவாங்க. தமிழ்ல ஒன்னு, எளிய இங்கிலீஷ்ல ஒன்னுன்னு எழுது. 2018-ல இருந்து தமிழ்ப் பக்கத்துக்கும் கூகுளோட ஆட்சென்ஸ் விளம்பரம் குடுக்கறாங்க, அது கைச்செலவுக்கு ஆகும்.

அமேசான்ல சேர்ந்தா ரெண்டு விசயம் மனசுல வை. கணக்கு ஆரம்பிச்சு 180 நாளுக்குள்ள மூனு விற்பனையாவது காட்டோணும், இல்லைன்னா மூடிருவாங்க. அதனால பத்துப் பக்கமாவது எழுதி, ஆளு வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் விண்ணப்பிச்சாப் போதும். அடுத்தது, உன் லிங்க்கைத் தட்டுனவங்க 24 மணி நேரத்துக்குள்ள வாங்கோணும், இல்லைன்னா அமேசான் கார்ட்டுலயாவது (வாங்கற கூடையில) போட்டு வைக்கோணும். பெரிய மிஷினை எவனும் ஒரே நாள்ல முடிவு பண்ண மாட்டான், வாரக்கணக்குல விசாரிப்பான். அதுக்கு நேரா டீலர்கிட்டப் பேசு. “நான் அனுப்பற ஆளு வாங்குனா இத்தனை”ன்னு எழுத்துல வாங்கிக்க. உனக்குத் திருப்பூர்ல தெரியாத டீலரா? வெளியூர்க்காரன் எவனும் இந்த விசயத்துல உன் பக்கத்துல வர முடியாது.

லிங்க்ல கமிஷன் வருதுன்னு பக்கத்து மேலயே பெரிசா எழுதிரு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொய்யாப் பரிந்துரை பண்றவங்களுக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்குது. அது ஒரு பக்கம், உன்னை நம்பிக் காசு போடறவனுக்கு அது தெரிஞ்சாகோணும். மட்டமான மிஷினை மட்டம்னே எழுது.

வேலையை மட்டும் இப்ப விடாதே. கூகுள் புது சைட்டை நம்பறதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் பாப்பா ஃபீஸை யாரு கட்டறது? அந்தக் கிளாஸ் நோட்டீசுல ‘ஏஐ மூலம் ஒரே வாரத்தில் 200 கட்டுரை’ன்னு போட்டிருக்குது. 2024 மார்ச்சுலயே கூகுள், மொத்தமா உற்பத்தி பண்ணித் தள்ளற பக்கங்களை ஸ்பாம்னு சொல்லி விதியே போட்டிருச்சு. நீ ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஒரு பக்கம் எழுது போதும். எழுத்துப்பிழை நான் பார்த்துத் தர்றேன், பத்தாவதுல பார்த்த மாதிரியே.

செய்ய வேண்டியது இதுதான். ஞாயித்துக்கிழமை காதர்பேட்டைக்குப் போ. உனக்குத் தெரிஞ்ச கடையில ஒரு ஓரமா உட்கார்ந்து, வாங்க வர்றவங்க கேக்கற கேள்வியெல்லாம் அவங்க வாயில வந்தபடியே நோட்டுல எழுதி எனக்கு அனுப்பு. எதை எதைத் தேடிப் பார்க்கறதுன்னு நான் பிரிச்சுத் தர்றேன். கிளாசுக்கு அட்வான்ஸ் ஏதாச்சும் கட்டியிருந்தா ரசீதைப் படம் எடுத்து அனுப்பு. திருப்பித் தர்றதைப் பத்தி அதுல ஏதாச்சும் போட்டிருக்குதான்னு பார்க்கோணும். தங்கச்சிகிட்ட நான் எழுதுனதைக் காட்டு, அது ரொம்ப வெசனப்பட்டுக்கிட்டு இருக்குது.

உன்,
சென்னியப்பன்