ஒரு தேக்சா அடுப்பேறினால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு விடுமுறை தொடங்கும் நாள் முதல் காணும் பொங்கல் கழியும் வரை, வேலூரில் குடியிருப்பவர்களின் வீட்டுக்கு விருந்தாளிகள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது அரிது. எங்கள் ஊர் அமைந்திருக்கும் இடம் அப்படி. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே காரில் போகிறவர்களுக்கு நாங்கள் வழியில் இருக்கிறோம். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்க வருபவர்கள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருபவர்கள், திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் தலைகாட்டிவிட்டுப் போகிறவர்கள் என எல்லோருக்கும் மதியச் சாப்பாட்டு வேளை இங்கேதான் வந்து சேர்கிறது. "காட்பாடியில் இறங்கிவிட்டோம், பெரியம்மா" என்று கைபேசியில் குரல் கேட்ட பிறகுதான் அரிசி டப்பாவைத் திறந்து பார்க்கும் பழக்கம் எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு இருந்தது.

அண்மைக் காலமாக அந்தக் குரலைக் கேட்டதும் வீடுகளில் ஒருவிதக் கலவரம் உண்டாவதைக் காண்கிறேன். வீடு ஒழுங்காக இல்லை, மூன்று வகைக் காய் இல்லை, இனிப்பு இரண்டாவது வேண்டும் என்று கணக்குப் போட்டு, கடைசியில் "நாங்களே வெளியூர் கிளம்பிக்கொண்டிருக்கிறோம்" என்று பொய் சொல்லித் தட்டிக் கழிக்கிறார்கள், அல்லது கடைக்குச் சொல்லிச் சாப்பாட்டை வரவழைக்கிறார்கள். நானும் ஒருமுறை அவ்வாறு செய்து பட்டிருக்கிறேன். ஒரு மணிக்கு வர வேண்டிய சாப்பாடு மூன்றரைக்கு வந்தது. அதற்குள் பிள்ளைகள் பிஸ்கெட்டால் வயிற்றை நிரப்பிக்கொண்டுவிட்டதால், ஒன்பது வகைகளில் ஐந்து வகை தொடப்படாமலேயே குப்பைக்குப் போயிற்று. பணம் போனதைவிட, வந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டரை மணி நேரம் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே கடந்த டிசம்பர் இறுதியில், காலை ஒன்பதரை மணிக்குத் தம்பி குடும்பம் சென்னையிலிருந்தும் நாத்தனார் குடும்பம் பெங்களூரிலிருந்தும் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தபோது, எங்களையும் சேர்த்துப் பதினாறு பேர் என்று எண்ணிக்கொண்டு, ஒரே ஒரு பெரிய தேக்சாவில் தக்காளிச் சோறு என்று முடிவு செய்தேன். வேறு எதையும் யோசிக்க மறுத்துவிட்டேன் என்பதே உண்மை. இரண்டு கிலோ சீரகச் சம்பாவை அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு கிலோ தக்காளியும் ஒரு கிலோ வெங்காயமும் வதக்கி, தக்காளிச் சாறும் தண்ணீருமாக அரிசி ஓர் அளவுக்கு ஒன்றரை அளவு வைத்தேன். தண்ணீர் வற்றி அரிசி தலைகாட்டியதும் பாத்திரத்தின் அடியில் தோசைக்கல்லைக் கொடுத்து, மூடியின் மேல் கனமான ஒரு பாத்திரத்தை ஏற்றி, தணலைக் குறைத்து இருபது நிமிடம் விட்டதில் அடிப்பிடிக்கவில்லை. ஆம்பூர்ப் பக்கத்துப் பிரியாணி அண்டாக்களிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் இந்தத் தம் போடுவதுதான். கறி இல்லாவிட்டாலும் தம் உண்டு.

தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். இதில் மட்டும் எனக்கு ஊர்ப்பற்று உண்டு என்பதை மறைக்கவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் இலவம்பாடி முள் கத்திரிக்காயைக் காம்பில் முள் குத்தாமல் பிடித்து நறுக்கத் தெரிந்தவருக்கு, புளியும் எள்ளும் வேர்க்கடலையும் அரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பது அரை மணி நேர வேலை. அதற்குமேல் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் பொரித்த அப்பளமும். முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் தயிர்சோறும் பிசைந்து வைத்தேன்; சூடான சோற்றைப் பாலில் குழைத்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் மாலைவரை புளிக்காது. இனிப்புக்கு நான் அடுப்பையே தொடவில்லை. சென்னையிலிருந்து வந்தவர்களிடம் ஆற்காட்டில் நின்று மக்கன் பேடா வாங்கி வரச் சொன்னேன், பெங்களூர்க்காரர்களிடம் வழியில் வாழைப்பழச் சீப்பு இரண்டு கேட்டேன். விருந்தாளியிடம் வாங்கி வரச் சொல்லலாமா என்று என் மருமகள் தயங்கினாள். வெறுங்கையோடு வரக் கூசுபவர்களுக்கு என்ன வாங்குவது என்ற குழப்பத்தைத் தீர்த்துவைப்பது உபகாரம் என்றே நான் நினைக்கிறேன்.

இலைக்கு மகன் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போனான். விடுமுறை நாளில் வாழையிலை விலை ஏறியிருந்ததால் பெரியவர்களுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினான். பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டும் குவளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை என்பதோடு, அவை எனக்குப் பிடிப்பதும் இல்லை. பிள்ளைகளுக்கு எதிர்வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டுகள் வந்தன. முன்பெல்லாம் பாத்திரம் வாங்கியதும் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்களே, அதன் பயன் இத்தகைய நாட்களில்தான் விளங்கும்: மாலையில் கழுவி அடுக்கும்போது யார் தட்டு யாருடையது என்ற கேள்வியே எழவில்லை.

ஒரு குறையையும் எழுதித்தான் ஆக வேண்டும். திடீர் விருந்து எளியது என்று சொல்லும்போது, யாருக்கு எளியது என்ற கேள்வி இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து "எதற்கு இவ்வளவு சிரமம்" என்று உபசாரமாகச் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை காபி கேட்கும் ஆண்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. அன்று வெங்காயம் உரிக்கும் முறத்தைத் தம்பியின் முன்னாலும், வாழைப்பூவை ஆய்வதுபோல் நிதானமாகத் தக்காளி நறுக்கும் என் கணவரின் முன்னால் அரிவாள்மணையையும் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். வேலை மெதுவாக நடந்தாலும் நடந்தது. தேக்சாவைத் துலக்கியதும் அவர்களே. வீட்டைப் பொறுத்தவரை, கூடத்தையும் கழிப்பறையையும் மட்டும் சுத்தம் செய்து, மற்ற அறைகளின் கதவைச் சாத்திவிட்டோம்.

மீந்த சோற்றைப் பற்றியும் ஒரு சொல். மதியம் வடித்த சோற்றை மாலை வரை மேசையில் வைத்திருந்து பரிமாறுவது குளிர்காலத்திலும் நல்லதல்ல. சூடாக்கினாலும் நீங்காத நச்சைச் சில கிருமிகள் சோற்றில் உண்டாக்கும் என்பதால், பந்தி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பரந்த தாம்பாளத்தில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். எங்களுக்கு மீந்தது இரண்டு டப்பா. அவை காரில் ஏறிப் போயின.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பண்டிகைக் காலத்தில் பத்திரிகைகளின் இணைப்புகளில் வெளியாகும் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் நான்கு பேருக்கானவை. அவற்றை நான்கால் பெருக்கினால் உப்பும் காரமும் தண்ணீரும் கணக்குத் தப்பிவிடுகின்றன. பதினைந்து, இருபது பேருக்கு ஒரே பாத்திரத்தில் இறக்கக்கூடிய நம் வட்டாரச் சமையலை, அனுபவப்பட்டவர்களிடம் கேட்டுச் சரியான அளவுகளோடு பொங்கலுக்கு முன்பாகவே வெளியிட்டால், நறுக்கி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள முதல் ஆளாக நான் இருப்பேன். காணும் பொங்கலுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகச் சாடை காட்டியிருக்கிறது. எத்தனை பேர் என்று மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.