வீட்டில் சொன்ன பிறகு

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வாசிப்பு வட்டத்துக்கு ஜப்பானியப் படக்கதையான மங்காவை எடுக்கப்போகிறாய் என்றதும் யாரெல்லாம் முகம் சுளித்திருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. பெண்ணுக்குப் பெண்மேல் வரும் காதலைச் சொல்லும் யூரி கதைகளில் எதைப் பிரித்தாலும் கடைசியில் ஒருத்தி காதலைச் சொல்கிறாள், அத்தோடு முடித்துவிடுகிறார்கள், வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று யாருமே எழுதமாட்டார்களா என்று கேட்டிருந்தாய். எழுதியிருக்கிறார்கள், தேடித்தான் எடுக்கவேண்டும்.

பாதிக் காரணம் பத்திரிகைத் தொடர். சொல்வாளா மாட்டாளா என்ற இழுபறிதான் மாதாமாதம் வாசகரை வரவழைக்கிறது. சொல்லிவிட்டால் தொடரை எதை வைத்து நகர்த்துவது? மீதிக் காரணம் இன்னும் பழசு. எழுத்தாளர் யோஷியா நோபுகோ 1916இல் ‘ஹனா மோனோகதாரி’ கதைகளை எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே, பள்ளியில் இரண்டு பெண்களுக்குள் இருக்கும் நேசம் கல்யாணம் ஆகும்வரைதான் என்று ஓர் எழுதாத ஒப்பந்தம். யூரி மங்காவின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் யாமகிஷி ரியோகோவின் 1971 படைப்பிலோ ஒருத்தி செத்தே போகிறாள். கல்யாணம் அல்லது சாவு என்று ஆனபின் அப்பா அம்மாவிடம் சொல்லும் காட்சிக்கு எங்கே இடம்?

அதனால் ஷிமுரா தகாகோவின் ‘அவோய் ஹனா’வை முதலில் எடு. 2004 முதல் 2013 வரை வந்தது. ஜப்பானில் 8 தொகுதி, ஆங்கிலத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்து 4. கதை நடப்பது காமாகுராவில். நாயகி ஃபூமியோடு நெருங்கிப் பழகிய உறவுக்காரப் பெண் சிஸு, எதுவும் நடக்காததுபோல் கல்யாணத்துக்குத் தயாராகிறாள். அந்தப் பழைய ஒப்பந்தத்தைக் கைவிடப்பட்டவளின் பக்கத்திலிருந்து காட்டுகிறார் ஷிமுரா. பிறகு ஃபூமி சின்ன வயதுத் தோழி அகிராவிடம், தான் ஒரு சீனியர் பெண்ணோடு பழகுவதைச் சொல்கிறாள். அகிராவுக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை, ஆனால் விலகிப்போகவில்லை. ஷிமுரா பல கட்டங்களில் பின்னணியே வரையாமல் வெள்ளையாக விட்டுவிடுவார். அந்த வெள்ளையில் கேட்பவளின் முகம் மட்டும் நிற்கும். வசனத்தை ஓட்டிப் படிப்பவர்களுக்கு இது தவறிப்போகும், வட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடு.

அடுத்து ‘ஷிமானாமி தாசோகாரே’. கமதானி யூஹ்கி எழுதியது, 4 தொகுதி, ஹிரோஷிமா மாகாணத்து ஓனோமிச்சி ஊர். கறாராகப் பார்த்தால் யூரி இல்லை, நாயகன் தன்பால் ஈர்ப்புள்ள பையன். ஆனால் அதில் வரும் ஹாருகோ–சாகி ஜோடிக்காகவே படிக்கலாம். ஹாருகோ வீட்டில் சொல்லிவிட்டாள், சாகி அப்பாவிடம் சொல்லவில்லை. ஒருத்தி சொல்லிவிட்டாள், ஒருத்தி மறைக்கிறாள் என்றால் இருவரும் சேர்ந்தே மறைக்கவேண்டியதாகிறது. தெருவில் கைகோக்கக்கூட யோசனை. நல்லது செய்வதாக நினைத்து அடுத்தவர் ரகசியத்தைப் போட்டு உடைப்பவர்களையும் கமதானி விடுவதில்லை. இது கற்பனைப் பூச்சாண்டி இல்லை. 2015இல் ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தன் தன்பால் ஈர்ப்பை நண்பர் பிறரிடம் சொல்லிவிட்ட பிறகு இறந்துபோனார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் குனிதாச்சி நகரம் 2018இல் அப்படி வெளியிடுவதைத் தடைசெய்து விதியே கொண்டுவந்தது.

பெரியவர்கள் கதை வேண்டுமென்றால் மறுபடி ஷிமுராதான்: ‘ஓதோனா நி நாத்தேமோ’, 10 தொகுதி. கல்யாணமான பள்ளி ஆசிரியை அயானோவுக்கு இன்னொரு பெண்மேல் மனம் போகிறது. இதைக் கணவனிடம் அவள் சீக்கிரமே சொல்லிவிடுகிறாள். பிறகு மாமியார் வீட்டில் குடியிருப்பு, பேச்சு, மௌனம், மறுபடி பேச்சு. சில இடங்களில் எனக்கே அலுப்புத் தட்டியது, ஆனாலும் அந்த இழுவையில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒரு சட்ட விவரம் தெரிந்திருந்தால் இவையெல்லாம் இன்னும் புரியும். ஜப்பானில் ஒரே பாலினத்தவர் திருமணம் பதிய முடியாது. 2015இலிருந்து டோக்கியோவின் ஷிபுயா, செதகாயா பகுதிகள் தொடங்கி நகராட்சிகள் கொடுக்கும் இணையர் சான்றிதழ் குடும்பப் பதிவேட்டில் ஏறாது, வாரிசு உரிமையும் தராது. யோஷியா நோபுகோவே தன் துணை மொன்மா சியோவை 1957இல் தத்தெடுத்துத்தான் சட்டப்படி உறவாக்கிக்கொண்டார். தத்தெடுப்பவர் வயதில் மூத்தவராக இருந்தால் போதும், இவர் மூத்தவர்.

நாகாதா கபியின் தன்வரலாற்று மங்காவைக் கடைசியில் வை. முதலில் பிக்சிவ் என்ற படப்பகிர்வு இணையதளத்தில் வந்து 2016இல் புத்தகமானது. அதை மட்டும் படித்து நிறுத்திவிடாதே. புத்தகம் வீட்டுக்குத் தெரிந்தபின் என்ன நடந்தது என்பது அடுத்துவந்த நாட்குறிப்புத் தொகுதிகளில்தான் இருக்கிறது. நீ கேட்ட கேள்விக்கு மிக நேரடியான பதிலும் அங்கேதான்.

ஒன்று மட்டும்: நாகாதாவில் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் உணவுக் கோளாறும் வெளிப்படையாக வரும், கமதானியின் முதல் அத்தியாயத்திலேயே தற்கொலை எண்ணம் வரும். வட்டத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முந்தின வாரமே சொல்லிவை, வேண்டாமென்பவர் ஒதுங்கிக்கொள்ளட்டும். எல்லாமே வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டியவை, முதல் நாள் இதிலேயே அரைமணி போகும்.

எதை எடுத்தீர்கள் என்று எழுது.

அன்புடன்,
வசந்தி