மலைநாட்டு ரேடியோ நாடாக்கள் பொடியாகிவிடும் முன் ஒரு கை கொடுங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். வர்ஜீனியாவும் வட கரோலைனாவும் தொட்டுக்கொள்ளும் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் ஒரு சின்ன சமூக வானொலி நிலையம் இருக்கிறது. அதன் பின்னறையில் அட்டைப்பெட்டிகளில் 300-க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவு ரீல் நாடாக்கள் கிடக்கின்றன. அறுபதுகளில் தொடங்கி எண்பதுகள் வரை இந்தப் பக்கத்து ரேடியோக்களில் நேரடியாக வாசித்த ப்ளூகிராஸ், ஓல்ட்-டைம் என்ற மலைநாட்டு இசை நிகழ்ச்சிகள் அவற்றில் உள்ளன. அதையெல்லாம் கணினிக்கு மாற்ற 14,500 டாலர் ஆகும். இதுவரை 5,200 சேர்ந்திருக்கிறது, மீதியைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். நாடாக்களைக் காக்கும் எங்கள் குழுவில் உள்ளூர் வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்களைப் போன்ற சில தமிழ்க் குடும்பங்களும் இருக்கிறோம்.

"நமக்கும் இதுக்கும் என்ன?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஓல்ட்-டைம் என்பது இந்த மலைக்காரர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தும் ஆட்டத்துக்கும் வாசித்துவந்த பழைய இசை, ஃபிடிலும், தோல் போர்த்திய தந்தி வாத்தியமான பாஞ்சோவும் ஒரே மெட்டைச் சேர்ந்து திரும்பத் திரும்ப வாசிக்கும். ஃபிடில் வேறொன்றும் இல்லை, வயலின்தான். சில மெட்டுகளுக்கு அதன் நாலு தந்தியையும் ஏ-ஈ-ஏ-ஈ என்ற மேற்கத்திய சுரங்களுக்குச் சுருதி கூட்டுவார்கள். கர்நாடக சங்கீதம் படிக்கும் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கேட்டதும் "இது ச-ப-ச-ப தானே!" என்றாள். அதேதான். பாஞ்சோவோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியத்திலிருந்து வளர்ந்தது. இத்தனை கைகள் பட்ட இசை யாருக்கும் அந்நியம் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

ப்ளூகிராஸ், அதாவது பாஞ்சோ, ஃபிடில், கிடார் எல்லாம் முறைவைத்து வேகமாக வாசிக்கும் இசை, இதற்கு இளையது, அது ரேடியோவில் வளர்ந்த பிள்ளை. அதன் தந்தை எனப்படும் கென்டக்கிக்காரர் பில் மன்றோ 1939-ல் நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நேரடி இசை நிகழ்ச்சிக்கு வந்தார். 1945 டிசம்பரில் மூன்று விரலால் பாஞ்சோவை மழையாய்ப் பொழியும் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் அவரோடு சேர்ந்தார். சனிக்கிழமை இரவு அந்தச் சத்தம் 50,000 வாட்டில் பல மாநிலங்களைத் தாண்டிப் போனது, கேட்ட பையன்கள் பாஞ்சோவைத் தேடி ஓடினார்கள். பிறகு ஸ்க்ரக்ஸும், அதே குழுவில் கிடார் வாசித்துப் பாடிய லெஸ்டர் ஃப்ளாட்டும் பிரிந்துபோய்த் தனியாகக் குழு கட்டி, 1953-லிருந்து அதே நிலையத்தில் ஒரு மாவுக் கம்பெனியின் தயவில் அதிகாலை 5.45-க்கு வாசித்தார்கள்.

அந்தக் காலத்து வாத்தியக்காரர்களின் பிழைப்பே ரேடியோவைச் சுற்றித்தான் ஓடியது. டென்னசி-வர்ஜீனியா எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கும் பிரிஸ்டல் ஊரில் டபிள்யூ.சி.ஒய்.பி. நிலையம் 1946 கடைசியில் தொடங்கிய ஃபார்ம் அண்ட் ஃபன் டைம் என்ற மதிய நிகழ்ச்சியில்தான் ஸ்டான்லி சகோதரர்கள் என்ற ப்ளூகிராஸ் இரட்டையர் பெயர் எடுத்தார்கள். ரேடியோவில் வாசித்துக் கிடைக்கும் காசு பெரிதில்லை. இன்று சாயங்காலம் இன்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கச்சேரி என்று மைக்கில் சொல்லிக்கொள்ளலாம், பாட்டுப் புத்தகம் விற்கலாம், வருமானம் அதில்தான். ஒரு வட்டாரத்தில் எல்லா ஊருக்கும் போய் முடித்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த நிலையத்துக்குக் கிளம்புவார்கள்.

இசைத்தட்டில் இவர்களின் மூன்று நிமிடப் பாட்டு இருக்கும், அவ்வளவுதான். ரேடியோ நாடாவிலோ மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. சோதனைக்காக ஒரு நாடாவை ஓட்டிப் பார்த்தோம். அறிவிப்பாளர் ஊரில் யார் இறந்தார், அடக்கம் எப்போது என்று படிக்கிறார், அடுத்து விதைக்கடை விளம்பரம், அது முடிவதற்குள் பின்னால் ஒருவர் ஃபிடிலுக்குச் சுருதி கூட்டத் தொடங்கிவிடுகிறார். குழு முழுக்க ஒரே மைக். பாஞ்சோக்காரர் தன் முறை வரும்போது மைக்கை நோக்கி நடந்து வருவது காதில் கேட்கிறது, ஒலி மெல்ல நெருங்கி, நிறைந்து, அப்புறம் விலகுகிறது. மரத்தரையில் கால் தட்டும் சத்தம்கூட விழுந்திருக்கிறது. வாசித்தவர்கள் பலர் மில்லிலும் புகையிலைத் தோட்டத்திலும் வேலை பார்த்தவர்கள், இசைத்தட்டே போடாதவர்கள். இந்த நாடா போனால் அவர்கள் வாசித்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

நாடாக்களோ போய்க்கொண்டிருக்கின்றன. எழுபது, எண்பதுகளில் வந்த பல நாடாக்களில் காந்தப்பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. அப்படியே ஓட்டினால் கீச்சென்று கத்தி, பழுப்புப் பொடியை நாடா ஓட்டும் கருவியான டெக்கின் முனையில் அப்பிவிட்டு நிற்கும், உதிர்ந்த பொடியோடு இசையும் போய்விடும். இதற்கு மருந்து உண்டு: ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் பதமாகச் சூடாக்கினால் பசை கொஞ்ச நாளைக்கு இறுகும், அந்த இடைவெளியில் பதிவு செய்துவிட வேண்டும். அறுபதுகளில் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நாடாக்களில் சிலது சிதையத் தொடங்கி வினிகர் வாடை அடிக்கிறது, அதைச் சூடாக்கவே கூடாது, தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஆகவே விவரம் தெரிந்தவரிடம் கொடுத்தே ஆகவேண்டும், செலவில் பெரும்பங்கு அவர் கூலி. டெக்கைப் பழுது பார்க்க மட்டும் 2,400 டாலர். நாடாவைத் துடைப்பது, பெயர் எழுதுவது, வாசித்தவர்களின் குடும்பங்களைத் தேடி ஒப்புதல் வாங்குவது எல்லாம் நாங்களே செய்கிறோம், அதற்குச் சம்பளம் இல்லை.

நிலையமே இதைச் செய்யக்கூடாதா என்றால், அது 100 வாட் நிலையம். சத்தம் ஊர் எல்லையைத் தாண்டினால் பெரிய விஷயம், விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கவும் சட்டம் இடம் தராது. 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அமெரிக்கக் காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் பணம் எங்களுக்கு என்றுமே வந்ததில்லை, ஆனால் பெரிய நிலையங்களும் இப்போது நேயர்களிடம் வந்து நிற்பதால் எங்களுக்குக் கிடைப்பது சுருங்கிவிட்டது. மனம் தளரவில்லை. பக்கத்தில் மவுண்ட் ஏரி (Mount Airy) என்ற ஊரில் டபிள்யூ.பி.ஏ.க்யூ. நிலையம் 1948-ல் தொடங்கியது, சனிக்கிழமை நேரடி இசையை அது இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது. ஊர் சேர்ந்தால் முடியும் என்பதற்கு எங்களுக்கு அதுவே போதும்.

20 டாலரானாலும் வாங்கிக்கொள்வோம். அமெரிக்காவில் இருப்பவர்கள் காசோலையாகவோ இணையவழியாகவோ தரலாம், இந்தக் கடிதத்தை அனுப்பியவரிடம் கேட்டால் விவரம் சொல்வார். நிலையம் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம், வரிக்கணக்கில் காட்ட ரசீது உண்டு. நம் தமிழ் ஊர்களில் இருப்பவர்கள் பணம் அனுப்ப வேண்டாம், நிகழ்ச்சிகள் தயாரானதும் கேளுங்கள், கேட்டு எழுதுங்கள். பழைய ரீல் டெக் சும்மா கிடக்கிறதென்றால் அதுவும் உதவும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உதிரி பாகம் கிடைப்பதுதான் இப்போது குதிரைக்கொம்பு.

மாற்றிய நிகழ்ச்சிகள் சனிக்கிழமை காலைகளில் ஒலிபரப்பாகும், வாசித்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு பிரதி இலவசமாகப் போகும். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் அனுப்புவோம். டெக் பழுது பார்ப்பவர் மார்ச்சில் வருகிறார். கையில் இருக்கும் பணத்தில் அவர் வேலையும் முதல் சில பெட்டிகளும் முடியும், வினிகர் வாடை அடிக்கும் நாடாக்களை அவற்றோடு சேர்த்தே அனுப்ப வேண்டுமானால் பிப்ரவரிக்குள் இன்னும் 3,000 டாலராவது வர வேண்டும்.

இப்படிக்கு,
நாடா காப்புக் குழுவினர்