மூன்று மொழியும் பாப்பாவின் காதும்

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழையும் பரவாயில்லை.

தமிழ், மலையாளம், ஜெர்மன் மூன்றும் சேர்ந்து காதில் விழுந்தால் பாப்பா குழம்பிவிடும், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். அம்மா சொன்னாள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் கேட்டு வளராத பிள்ளை யார்?

ஊர்க்கதை மட்டும் பேசுகிறேன் என்று நினைக்காதே. பார்சிலோனாவில் ஸ்பானிஷ், கட்டலான் இரண்டும் புழங்கும் வீட்டுக் குழந்தைகளைச் சோதித்து 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தமிழும் மலையாளமும் போல அவையும் நெருங்கிய சொந்தக்கார மொழிகள். நாலு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் இரண்டையும் பிரித்து அறிந்தன. உன் மகளுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது!

இந்த வயதுதான் முக்கியம். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஒன்று நம் தகரம் மாதிரி நாக்கு பல்லில் படுவது. மற்றது டகரம் மாதிரி நாக்கு மடங்கி அண்ணத்தில் படுவது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பெரியவர்கள் பலருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளோ வித்தியாசத்தைப் பிடித்துவிட்டன. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அது பெரும்பாலும் போய்விட்டது. அதற்குள் காது மந்தமாகிவிட்டதா என்ன? சுற்றிலும் புழங்காத வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை தன் மலையாளத்தில் 'காற்று' என்று சொல்வதைக் கவனித்துப் பார். நாம் பேச்சில் 'காத்து' என்று விட்டுவிடுகிறோம். மலையாளத்தில் நுனிநாக்கு பல்லுக்கு மேலே ஈறில் பட்டு வரும் அந்த ஒலி 'த்த'வும் இல்லை, 'ட்ட'வும் இல்லை, மூன்றும் தனித்தனி. பெரியவர்களான பிறகு மலையாளம் பழகுகிறவர்கள் இதில் திணறுவதை நீயே பார்த்திருக்கிறாய். அதனால் அவர் அரைகுறைத் தமிழில் கொஞ்ச வேண்டாம், அவர் மொழியிலேயே பேசட்டும்.

சரி, போனில் தமிழ்ப் பாட்டுப் போட்டுவிட்டால் போதுமா? எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. அமெரிக்காவில் பாட்ரிஷியா குல் என்பவரின் குழு ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீனமொழி பேசும் ஆட்களை உட்கார்ந்து விளையாடவும் புத்தகம் வாசிக்கவும் வைத்தது. 12 தடவையில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதையே டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. 2003இல் வந்த ஆய்வு இது. ஆள் முகம் பார்த்துப் பேச வேண்டும்.

அப்புறம், பாட்டி தாத்தாவுக்கும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு வயது தாண்டிய பிள்ளைகள் வீடியோ அழைப்பில் பேசுகிறவரிடமிருந்து புதுச் சொல் கற்றுக்கொள்வதாக 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. திரையில் இருக்கிறவர் பிள்ளைக்குப் பதில் பேச வேண்டுமாம். என்னைப் பேசாதே என்றால்தான் கஷ்டம். அதுவரை குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் நீயே வாய் ஓயாமல் தமிழில் பேசு. ஜெர்மனை அந்த ஊர் பார்த்துக்கொள்ளும்.

சம்பந்தியம்மா அங்கே வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறோம். வேறு என்ன வேண்டும் என்று அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா