முதலில் கேபிளைத் தளர்த்து

அன்புள்ள சேகர்,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு என்ன திட்ட வேண்டுமோ திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பாலுவின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பாலு அதே பாலுதான், கேட்காதே. ‘பைக் கிளட்சுக்குப் புதுப் பிளேட் செட் வாங்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை இன்ஜினைப் பிரிச்சுடுவேன்’ என்று அவனிடம் சொன்னாயாமே? அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். கொஞ்சம் பொறு.

உன் கடிதத்தில் இரண்டு வரி உதைக்கிறது. மேட்டில் டாப் கியரில் இன்ஜின் ரேஸ் ஆகிறது, வேகம் ஏறவில்லை என்கிறாய். அடுத்த வரியிலேயே, நியூட்ரல் விழவில்லை, கிளட்சைப் பிடித்தாலும் வண்டி முன்னால் இழுக்கிறது என்கிறாய். முன்னது கிளட்ச் பிளேட்டுகள் சரியாக ஒட்டாத கோளாறு, பின்னது ஒட்டியவை பிரியாத கோளாறு. எதிரும் புதிருமான இரண்டும் சேர்ந்து வந்தால் தேய்மானத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. நியூட்ரல் தொல்லைதான் முதலில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மருந்தாக நீயோ உன் அருமை மெக்கானிக்கோ கேபிளை இறுக்கியிருப்பீர்கள். லீவரில் பிளே, அதாவது கேபிள் இழுபடும் முன் சும்மா ஆடும் இடம், போயிருக்கும். கேபிள் சதா இழுத்தே இருந்தால் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் பிளேட்டுக்குப் போகாது. வழுக்கும், சூடேறும், தேயும்.

அதனால் முதலில் கேபிளைத் தளர்த்து. லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். கீழே இன்ஜின் பக்கத்து அட்ஜஸ்டரில் பெரும்பகுதியை வை, ஹேண்டில்பாரில் இருப்பதை நுண்ணிய திருத்தத்துக்கு விட்டுவிடு. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார், பிளே மாறினால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. இழை பிரிந்திருந்தால் கேபிளையே மாற்று. பிளேட் தேயத் தேய பிளே தானாகவே குறைந்துகொண்டு வரும், ஆகவே ‘போன வருஷம் வைத்தது’ என்ற கணக்கு செல்லாது.

பிளே சரியானபின் ஆளில்லாத ரோட்டில் டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்கு. சத்தம் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் பிளேட்டோ ஸ்பிரிங்கோ ஆயிலோ காரணம். ஆயிலைப் பற்றி உன்னிடம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கார் ஆயில் மிச்சமிருந்தது என்று ஊற்றினாயா? இந்தக் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கி ஓடுவது. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயில் புதுப் பிளேட்டையும் வழுக்கவைக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற குறி இருக்கிறதா பார், இந்த மாதிரி கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான ஜப்பானியத் தரக்குறி அது.

விளையாட்டை விட்டுச் சொல்கிறேன், கிளட்ச் பிடித்தபோதும் வண்டி இழுக்கிறதே, அதை அசட்டையாக விடாதே. ஆட்கள் குறுக்கே போகும் இடத்தில் பிரேக்கிலிருந்து கால் எடுத்த நொடியில் வண்டி பாயும். சரிசெய்யும் வரை பின்னால் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகாதே.

இனி பிரிப்பது. இன்ஜின் ஆறட்டும். ஆயிலை வடித்து மூக்கருகில் கொண்டுபோ. கருகிய வாடையும் நுண்ணிய கருந்தூளும் இருந்தால் பிளேட் வெந்திருக்கிறது. கேபிளைக் கழற்றி, கிக்கர், ஃபுட்ரெஸ்ட், தடையாக இருந்தால் சைலன்சர் எல்லாம் எடுத்தபின் வலப்பக்கக் கவர். அதன் போல்ட்டுகள் ஒரே நீளமல்ல. அட்டையில் கவர் வடிவம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்திவை. நீளப் போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் இன்ஜின் கேஸ் விரிந்துபோய்விடும். கவர் ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியலால் தட்டு. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அந்த இடத்தில் ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். கவரைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் டவல் பின்கள் இரண்டும் பத்திரம்.

ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, ஒரு சுற்று ஒரு சுற்றாகத் தளர்த்து. சில வண்டிகளில் அதோடு பிளேட்டுகள் வெளியே வந்துவிடும். அடுக்கை நெருக்கும் பிரஷர் பிளேட் உள்ளே இருக்கும் வகையில், அடுக்கின் நடுவிலுள்ள ஹப்பின் நட்டையோ லாக்கையோ எடுத்தாக வேண்டும். நட்டுக்குக் காடி வெட்டிய தனி சாக்கெட் தேவை, உளியால் அடித்துக் கழற்றும் வீரம் வேண்டாம். ஹப் சுற்றாமலிருக்க டாப் கியர் போட்டு பின் பிரேக்கைப் பாலுவை மிதிக்கச் சொல். அவனுக்கு அந்த வேலை மட்டும் கொடு.

இப்போது நீ வாங்கி வைத்திருக்கும் செட்டை மறந்துவிட்டு அளவெடு. உராயும் பரப்புள்ள ஃப்ரிக்ஷன் பிளேட் பொதுவாகப் புதிதில் 3 மி.மீ. அளவில் இருக்கும், 0.3 அல்லது 0.4 குறைந்தால் முடிவு நெருங்கிவிட்டது. உன் மாடலின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. வெர்னியரால் மூன்று நான்கு இடத்தில் பிடித்துப் பார். 0.3 என்ன பெரிய விஷயம் என்று கேட்பாய். ஐந்து பிளேட்டுக்கு 1.5 மி.மீ. ஆகிறது. ஸ்பிரிங் அவ்வளவு தளர்ந்துவிடுகிறது, அழுத்தம் குறைகிறது. அவற்றின் நடுவே வரும் ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து, இடுக்கை அளக்கும் மெல்லிய இலைகளான ஃபீலர் கேஜை விட்டுப் பார். 0.20 மி.மீ. இலை நுழைந்தால் நெளிந்துவிட்டது என்று வைத்துக்கொள். சூட்டில் நீலம் பாய்ந்ததையும் தூக்கிப் போடு. ஸ்பிரிங்குகளின் நீளம் ஒன்றில் குறைந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்று.

பிளேட் அடுக்கைச் சுற்றி நிற்கும் கூடையான ஹவுசிங்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதன் விரல்களின் பக்கவாட்டில் பிளேட்டின் காதுகள் அடித்து அடித்துப் பள்ளம் விழும். நகத்தை மேலிருந்து கீழே இழு, படி படியாகத் தட்டுப்படும். பிளேட்டுகள் அந்தப் பள்ளங்களில் மாட்டிக்கொண்டு நகராது. கிளட்ச் பிடித்தால் பிரியாது, விட்டால் சீராகச் சேராது. உன் நியூட்ரல் தொல்லையின் வேர் இங்கேதான் என்பது என் பந்தயம். மெல்லிய தடமென்றால் நுண்ணரத்தால் எல்லா விரலையும் ஒரே அளவில் தேய்க்கலாம். அரை மி.மீ. தாண்டினால் ஹவுசிங்கை மாற்று. இல்லாவிட்டால் புதுப் பிளேட்டையும் பழைய பள்ளத்தில் மாட்டிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி கேபிளை இறுக்குவாய்.

ஹப்பின் காடிகளையும் பார், பிரஷர் பிளேட்டை நகர்த்தும் லிஃப்டர் பேரிங்கைச் சுழற்றிப் பார். எப்படியும் திறந்தாகிவிட்டது, கிராங்க் முனையில் சுழல் ஆயில் ஃபில்டர் இருந்தால் அதிலுள்ள சேற்றையும் வழித்துவிடு.

புதுப் பிளேட்டுகளை முந்தின இரவே இன்ஜின் ஆயிலில் ஊறப்போடு. காய்ந்த பிளேட் முதல் நிமிடத்திலேயே கருகும். ஸ்டீல் பிளேட்டின் ஓரம் ஒரு பக்கம் கூர், மறுபக்கம் மழுங்கல். எல்லாம் ஒரே திசை பார்க்கட்டும். பிரஷர் பிளேட்டின் பற்கள் ஹப்பின் பற்களோடு பொருத்தியபின் ஆட்டிப் பார், அடுக்கு தொளதொளவென்று ஆடினால் பொருந்தவில்லை. ஸ்பிரிங் போல்ட்டுகளுக்கு 10, 12 நியூட்டன் மீட்டர் போதும். உன் கைமுறுக்கு எனக்குத் தெரியும், போல்ட் இறங்கும் தூண் முறியும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடு, புதியது போடு, கிக்கர் சீலில் ஆயில் தடவு.

ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அளவு பார், பிளேயை மறுபடி வை. முதல் 200, 300 கி.மீ. மேட்டில் அரைக் கிளட்சில் நிற்காதே. அதன்பின் பிளே இன்னொரு முறை.

புது செட்டின் பெட்டியை உடைப்பதற்கு முன் பழைய பிளேட் தடிமன், ஸ்பிரிங் நீளம், ஹவுசிங் பள்ளம் மூன்றையும் எழுதி அனுப்பு. கடைக்காரர் பெட்டி உடைக்காத செட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்றும் கேட்டுவை.

உன்,
ராமு