நியூ ஜெர்சி எடிசன் நகரிலிருந்து முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்குப் புரட்டாசி பிறக்கும் வேளையில் பதில் எழுதுகிறேன்; திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

பின்கட்டுப் புல்தரை போய்விட்டது. ஆகஸ்ட் கடைசியில் தட்டகலத்துக்குப் பழுத்திருந்த திட்டுகள் பத்தே நாளில் பாயகலத்துக்குப் பரவின. பராமரிக்க வரும் ஆட்கள் குனிந்துகூடப் பாராமல், வெயில்தான் காரணம், இன்னும் தண்ணீர் விடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். பிறகு ஒரு விடியற்காலையில், மண்ணுக்குள் புழு தேடித் தின்னும் ஸ்கங்க் என்ற நாற்றப்பிராணி ஒன்று தரையைக் கிளறிப் போட்டிருந்தது. சந்தேகப்பட்டுத் திட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன்; வேரே இல்லாததால் பாய் சுருள்வதுபோல் கையோடு வந்துவிட்டது. அடியில் கிடந்தது, உன் அப்பா கடலைக்காட்டில் வாடிய செடியைப் பிடுங்கி நமக்குக் காட்டினாரே, அதே சாயலில் ஒரு வேர்ப்புழு: வெள்ளை உடல், பழுப்புத் தலை, மூன்று சோடிக் கால்களையும் மடக்கிச் சுருண்ட கிடை. ஒரு சதுர அடியை வெட்டிப் புரட்டி எண்ணினேன், 14 இருந்தன. 10 வரைக்கும் நல்ல புல் தாங்கும் என்பது இங்குள்ள கணக்கு.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வால் நுனியில் கவட்டைபோல் விரிந்த இரண்டு மயிர் வரிசைகள் தெரிந்தன. ஜப்பான் வண்டின் புழுவுக்கு அதுதான் அடையாளம். அமெரிக்காவில் அந்த வண்டை முதன்முதலில் கண்டது இதே நியூ ஜெர்சியில், 1916இல், ரிவர்ட்டன் அருகே ஒரு நாற்றுப்பண்ணையில். ஜூலையில் ரோஜா இலைகளைச் சல்லடையாக்கியதும் அதுதான். பச்சையும் செம்புமாய் மின்னியதால், நம் பொன்வண்டின் நினைவில், மகளுக்கு ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். அக்கம்பக்கமெல்லாம் காய்ந்து கிடந்த அந்த மாதத்தில் நான் நாள்தோறும் நீர் பாய்ச்சிய ஈரம்தான் அவற்றை இங்கே முட்டையிட இழுத்திருக்கிறது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. காயவிட்டிருந்தால் முட்டைகளில் பெரும்பகுதி வற்றிப் போயிருக்கும்.

கடைக்காரர் நீட்டிய மருந்தை நான் வாங்கவில்லை. அது முட்டை பொரிக்கும் முன்பே, கோடைத் தொடக்கத்தில் போட வேண்டியது. வளர்ந்த புழுவிடம் பலிக்காது. பதிலுக்கு, வேர்ப்புழுவைக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களை வரவழைத்து, குளிர்பதனப் பெட்டியில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்தேன் (உன் தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை). வெயில் பட்டால் அவை செத்துவிடும் என்பதால், பொழுது சாய்ந்த பிறகு தரையை நனைத்து, தெளித்து, மீண்டும் நனைத்தேன். ஒரு வாரம் கழித்துத் தோண்டினால் வெள்ளைப் புழுக்களிடையே செங்கல் நிறத்தில் துவண்டவை கிடக்கின்றன. நூற்புழு உள்ளே புகுந்து கொன்றதன் நிறம் அது. இந்த மாதத்துக்குள் புது விதை தூவிவிட வேண்டும்.

கோடை மழை பெய்த அன்றிரவு வேப்பமரத்தை உலுக்கி வண்டு பொறுக்கும் வழக்கம் உங்கள் பக்கம் இப்போதும் உண்டா? அடுத்த ஜூலையில் விடியலில், வண்டுகள் சோம்பிக் கிடக்கும்போது, ரோஜாச் செடியை உலுக்கிச் சோப்புத் தண்ணீரில் விழவைக்கப் போகிறேன். அப்பாவிடம் கேட்டு விவரமாக எழுது.

உன்,
சேகர்